ஜட்ஜய்யா எழுந்து போன கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை ரிடையர்டு ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தார். வேண்டுமென்று அல்ல... பழக்க தோஷம்.

மலை மேலே வில்பட்டிப் பக்கம் அவர் வீடு. ஓய்வு பெற்றதும் சென்னையை விட்டுவிட்டு இங்கே வந்து செட்டில் ஆனவர். அவர் மனைவி என் சிநேகிதி. ‘கேரட் அல்வா கிண்டியிருக்கேன், வா’ என்று போன் செய்தாள். அல்வாவுக்குக் கூப்பிட்டு நான் போகாமல் இருந்திருக்கிறேனா?

போனால், வீட்டுக்குக் கீழே மந்தை என்கிற ஊர்ப் பொதுத்திடலில் ஊர்க்கூட்டம். நடுவில் நாற்காலி போட்டு ஜட்ஜய்யா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. எதிரும் புதிருமாகக் கருப்பையா, மாரியப்பன். இருவரும் பூண்டு விவசாயிகள். ஒரே ஓடைத் தண்ணீர். கருப்பையா தோட்டம் மேலே, மாரியப்பன் தோட்டம் கீழே. பூண்டு திரள்கிற நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது. மேலே இருப்பவர் ஓடையை மறித்துக்கொண்டார் என்பது கீழே இருப்பவரின் புகார்.

இதில் இன்னொரு சிக்கல் — மாரியப்பன் மகள் பவித்ராவுக்கும் கருப்பையா மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்தாயிற்று.

“தண்ணிக்கே இந்தப் பாடு படுத்துறவுக வீட்டுக்கு என் பிள்ளைய எப்பிடிங்கய்யா அனுப்புறது? இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும். இல்லாட்டி கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றார் மாரியப்பன்.

பவித்ராவுக்கு டவுனில் ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஜட்ஜய்யா இரண்டு தரப்பையும் அழகாக விசாரித்தார். குறுக்கே பேசியவர்களை அதட்டி உட்கார வைத்தார். எல்லாம் முடிந்ததும் எழுந்தார். “தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது” என்றார். விறுவிறுவென்று மேட்டில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹைகோர்ட்டில் இது சர்வ சாதாரணம். ஆனால் இந்த ஊர் வழக்கம் வேறு. கூட்டம் கூடினால், முடிவு தெரியாமல் யாரும் எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. பாவம், ஜட்ஜய்யாவுக்கு இது தெரியாது. எனக்கும்தான்.

வீட்டில் மனிதர் மேஜையில் உட்கார்ந்து மும்முரமாக எழுத ஆரம்பித்தார். அல்வாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“திண்டுக்கல்ல வக்கீலா இருந்தாரு. அப்புறம் முன்சீப். அப்பல்லாம் சாட்சி முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிச்சிடுவாரு” என்றாள் சிநேகிதி. “சப் ஜட்ஜ், ஜில்லா ஜட்ஜுன்னு ஏறி ஹைகோர்ட்டுக்குப் போனாரா... அங்க எல்லாம் அப்பீல். ஆளு வரமாட்டான், கேஸ் கட்டுதான் வரும். மேல போகப் போக இவருக்கு மனுஷ முகமே பார்க்கக் கிடைக்கலடி.”

நம் ஊரில் பிரமோஷன் என்றாலே இதுதானே? நன்றாகப் பாடம் நடத்துகிற டீச்சரை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கி வகுப்பிலிருந்து பிரித்துவிடுவோம். நல்ல டாக்டரை டீன் ஆக்கி மீட்டிங்கில் உட்கார வைப்போம். கெட்டிக்காரத்தனத்துக்கு நாம் கொடுக்கிற தண்டனை!

எழுதி முடித்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். தெளிவான தீர்ப்பு. ஒருவர் பக்கம் நியாயம், இன்னொருவர் பக்கம் தப்பு. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தப் போன சிநேகிதி அப்படியே நின்றாள்.

“என்னங்க... அவங்க எல்லாம் இன்னும் அங்கேயேதான் உக்காந்திருக்காங்க.”

குடையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம்.

மந்தையில் ஒரு பெரிய தார்ப்பாய். அதற்கடியில் மொத்த ஊர். தார்ப்பாயின் ஒரு பக்கத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கருப்பையா, மறுபக்கம் மாரியப்பன். யார் கையை விட்டாலும் எல்லோரும் நனைய வேண்டியதுதான்.

“தண்ணி இல்லைன்னு சண்டை போட்டீக. இப்பத் தண்ணிக்குப் பயந்து ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறீகளே” என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். கூட்டம் மொத்தமும் சிரித்தது. கருப்பையாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பைப் பவித்ரா விடவில்லை.

“மாமா, ஒரு நாளு ஒங்களுக்கு, மறுநாளு எங்கப்பாவுக்கு. வெள்ளனே எந்திரிச்சு நானே மடை மாத்தி விட்டுட்டு வேலைக்குப் போறேன். எனக்கு ரெண்டும் ஒரே வீடுதான?”

கருப்பையா மகனைப் பார்த்தார், பவித்ராவைப் பார்த்தார். “நீ சொன்னாச் சரித்தாம்மா” என்றார்.

மாரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை. மாப்பிள்ளைப் பையன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் அவர்கள் ஜட்ஜய்யாவைக் கவனித்தார்கள். மாரியப்பன் தயங்கினார். “கோவிச்சுக்காதீங்கய்யா. நாங்களே பேசி முடிச்சிட்டோம்.”

அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள்... அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல ரெண்டு தரப்பும் சிரிச்சுக்கிட்டு நின்னு நான் பார்த்ததில்லைங்க.”

“அதுல என்னங்கய்யா எழுதியிருக்கு?” — அவர் கையிலிருந்த தாள்களைக் காட்டிக் கேட்டார் கருப்பையா.

“உங்க ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சதுன்னு” என்றார் ஜட்ஜய்யா. “அது இனிமே எதுக்கு?” நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் — கல்யாணப் பத்திரிகை எனக்கு இரண்டு வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது.