குழந்தைவேல் அண்ணனும் என் மடக்குக் கத்தியும்

குழந்தைவேல் அண்ணன் போய்விட்டார் என்று பால் சங்கச் செயலாளர் போனில் சொன்னபோது நான் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, ஆத்திரம். மனுசன் தப்பித்துவிட்டாரே என்று வாய்விட்டே சொன்னேன். எட்டு வருடமாக இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம். யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் எங்களுக்குள் இருந்த கேள்வி. அவர் இறங்கி வராமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஊரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சங்கத்தின் அஞ்சலி மலருக்கு என்னையே எழுதச் சொன்னார்கள். எங்கள் பகை தெரிந்துதான் கேட்கிறீர்களா என்றேன். தெரிந்துதான் கேட்கிறோம் என்றார் செயலாளர். ஆகவே அண்ணனைத் தங்கம், தெய்வம் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. வன்மத்தை அவித்து ஆறவைத்துத் தின்னத் தெரிந்த மனிதர் அவர். நானும் அவருக்குச் சளைத்தவன் அல்ல.

கல்யாணமான புதிதில் சேலம் கடைவீதியில் என் மனைவி பிடிவாதமாக வாங்கித் தந்த மடக்குக் கத்தி ஒன்று என்னிடம் இருந்தது. எருமைக்கொம்புப் பிடி, உள்ளங்கைக்கு அளவாக இருக்கும். இருபத்தாறு வருடம் என் மடியை விட்டு இறங்கவில்லை. அது தொலைந்தது என் காட்டில் சோளத்தட்டைப் போர் போட்ட அன்றைக்கு. உங்களுக்குத் தெரியும், போர் போடுவது ஒருவர் வேலையல்ல. பக்கத்துக் காட்டுக்காரர்கள் முறை வைத்து வருவார்கள். அண்ணன் போர்மேல் நின்று கட்டுகளை வாங்கி அடுக்கினார். அவர் அடுக்கிய போருக்குள் மழை இறங்கியதில்லை. நான் கீழே நின்று, அவிழ்ந்துபோன கட்டுகளைத் திரும்பக் கட்டி மேலே வீசிக்கொண்டிருந்தேன். காலையில் என் கத்தியை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, இதுமாதிரி ஒன்று எனக்கும் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். சாயங்காலம் மடியைத் தடவினால் கத்தி இல்லை. எனக்கு அந்தப் பேச்சு மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

எல்லோரும் தேடினார்கள். அண்ணன் மேலிருந்தபடியே, "கட்டுல சொருவியிருப்பீங்க வாத்தியாரே, போருக்குள்ள போயிருக்குமுங்க" என்றார். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும் என்பதால் கத்தியைக் கட்டிலேயே செருகுவது நம் எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் நான் அதை நம்பவில்லை. என்னைப் போரைப் பார்க்கவிட்டு இவர் நழுவப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை பால் ஊற்ற நீங்கள் எல்லோரும் கேனோடு வரிசையில் நின்றபோது, ஆசைப்பட்டவர் கேட்டு வாங்கியிருக்கலாம், திருடியிருக்க வேண்டாம் என்று சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அண்ணன் அன்று பாலை ஊற்றாமலே தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அதோடும் நான் விடவில்லை. அவர் காட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் தடம் என் காட்டு ஓரமாக வருகிறது. அன்றே அதில் வேலமுள்ளை வெட்டிப் போட்டேன். அவர் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன், வரவில்லை. பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி ஒரு மைல் கூடுதலாக நடந்தார். தினமும் என் களத்துக்கு நேரே வந்ததும் ஒருமுறை செருமுவார். அந்தச் செருமல் எனக்குக் காலைக் காப்பியைக் கசக்கவைத்தது.

கோடையில் அவர் வீட்டுத் தட்டுப் போர் தீர்ந்துபோனது. கன்று போட்ட மாடு பட்டினி கிடக்கிறதே என்று என் மனைவி எனக்குத் தெரியாமல் எங்கள் போரிலிருந்து ஆறு கட்டுத் தட்டு அனுப்பியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துப் பால் சங்கத்து வாசலில் அண்ணன் தன் மடியிலிருந்து என் கத்தியை எடுத்து, நிதானமாக விரித்து, ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். "கத்தி எப்படி வந்துச்சுன்னு ஊட்ல கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். மனைவி கட்டுக் கணக்கைச் சொன்னதும்தான், கத்தி போருக்குள்ளேயே கிடந்து அந்தக் கட்டோடு அவரிடம் போயிருக்கிறது என்று புரிந்தது. மத்தியானமே ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு அவர் காட்டுக்குப் போய், தனியாக, கத்தியைக் கேட்டேன். அவர் ஏரை நிறுத்தவில்லை.

"குடுத்தர்றேனுங்க. எடுத்தேன்னு எந்த எடத்துல சொன்னீங்களோ, அந்த எடத்துல எடுக்கலைன்னு சொல்லிப் போடுங்க. அப்பறம் அது உங்குளுது."

முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். தப்பை ஒத்துக்கொள் என்று எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியவன். என்னை ஒருவர் எழுப்பி நிறுத்துவதா என்று திரும்பி வந்துவிட்டேன். முள் காய்ந்ததும் புதிதாக வெட்டிப் போட்டேன்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் செவலைப் பசு கயிற்றில் சிக்கி வாய்க்காலுக்குள் கவிழ்ந்து கழுத்து இறுகிக் கிடந்தது. கையில் வெட்ட ஒன்றும் இல்லாமல் நான் கத்தினேன். அண்ணன் முள்ளைத் தாண்டி ஓடிவந்தார். காலெல்லாம் ரத்தம். மடியிலிருந்து என் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். பசு மூச்சுவிட்டது. கத்தியை வேட்டியில் துடைத்து, மடக்கி, என் கண் முன்னாலேயே தன் மடியில் செருகிக்கொண்டார். "மாட்டுக்கும் எனக்கும் சண்டையில்லீங்க" என்றார். போகும்போது முள்ளைத் தாண்டாமல் ஏரிக்கரை வழியாகவே போனார். நன்றி சொல்ல வாயெடுத்தவன், அந்தக் கத்தியைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவரை எடுக்கிற அன்று, பாடை என் தடத்தில்தான் வரும் என்று நான் முன்னாலேயே போய்க் கவைக்கோலால் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகன் கொள்ளிச்சட்டியோடு வந்து நின்றான். பின்னால் நீங்கள் அத்தனை பேரும் இருந்தீர்கள்.

"எடுக்க வேண்டாமுங்க. சுத்தியே கொண்டுட்டுப் போகோணும்னு அப்பா சொல்லீட்டாருங்க. நீங்க அந்த வார்த்தையச் சொன்னாத்தான் இந்தத் தடமாமுங்க."

அண்ணன் என் கத்தியை எடுக்கவில்லை. நான்கே சொல். பால் வரிசையில் அன்று நின்ற முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. வாய் திறந்தேன். பாடையில் கிடந்துகொண்டும் என்னை மிரட்டுகிறாரே என்ற கோபத்தில் கவைக்கோலைத்தான் கீழே எறிந்தேன். பறை மறுபடி ஒலித்தது. பாடை ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது. அந்த வெயிலில் ஒரு மைல் சுற்றி, அவருக்குப் பின்னால் நடந்தேன்.

கருமாதி முடிந்து அவர் மகன் கத்தியை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். அப்பா கொடுக்கச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, அம்மாதான் கொடுத்துவிட்டார் என்றான். அப்படியானால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

குழந்தைவேல் அண்ணன் என் கத்தியை எடுக்கவில்லை. கட்டில் செருகி மறந்தது நான். ஆறு கட்டுத் தட்டுக் கணக்கை என் மனைவி சொன்ன அன்றிலிருந்து இது எனக்குத் தெரியும். அச்சில் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை பால் ஊற்ற வரும்போது, அதே இடத்தில் நின்று வாய்விட்டும் சொல்வேன். எட்டு வருடம் இதைக் கேட்பதற்காகவே சுற்றி நடந்த மனிதர் அதைக் கேட்க இருக்க மாட்டார். கேட்கவிடாமலே அவரை அனுப்பிவைத்துவிட்டேன். அந்த வகையில் ஜெயித்தது நான்தான். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஜெயிப்பு ஒன்றுதான்.