குழிக்குள் ஸகோர்காவின் விளக்கு

ஸகோர்காவுக்குக் கோபம் வந்தால் வலியெவோ ஊரின் கடைத்தெரு வரை கேட்கும். அன்று காலையிலேயே வந்துவிட்டது. அண்ணன் விதோமிர் மறுபடியும் சந்தையிலிருந்து அந்த மலிவு விளக்குகளைத்தான் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். முதுகில் காந்தம், வயிற்றில் மூன்று பொடி பேட்டரி, அட்டைப்பெட்டி நிறைய வெளிச்சத்தைப் பற்றிய பொய்.

அப்பா விட்டுப்போன கார் பட்டறை இருவருக்கும் பொது. குழிக்குள் இறங்கி வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வேலை. போன மாதம் வாய் சும்மா இருக்காமல், “ஒண்ணுமே தெரியலண்ணே, மங்கலா இருக்கு” என்று சொல்லித் தொலைத்தாள்.

“விளக்கு நல்லாத்தான் எரியுது. உனக்குத்தான் கண்ணு போச்சு, ஸாகா. மேல உக்காந்து ஸ்பானர் எடுத்துக் குடு, போதும்” என்றான் அவன். வாடிக்கையாளர்கள் காபிக் கோப்பைக்குள் சிரித்தார்கள். அன்றிலிருந்து குழி அவனுடையது.

எனக்கா கண் போச்சு? புது விளக்குகளில் இரண்டைப் பிரித்துப் போட்டாள். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் குட்டி ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, அதைவிடக் குறைவாகத் தடுக்கும் ஒன்றைப் பற்றவைத்தாள். பொடி பேட்டரிகளுக்குப் பதில், செத்த டிரில்லுக்குள் உயிரோடிருந்த தடித்த பேட்டரி. வெளிச்சம் ஏறினால் சூடும் ஏறும். அதனால் பழைய அலுமினிய வாணலியை வெட்டி முதுகுத் தகடாக்கி, அதன்மேல் காந்தத்தைப் பொருத்தினாள். வண்டியின் இரும்பில் ஒட்டினால் சூடு இரும்புக்குள் இறங்கிவிடும். வேறெங்கே வைத்தாலும் விளக்கு வெந்துபோகும்.

இதை அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவனோ ஒன்றை வாங்கி, மரமேஜைமேல் மல்லாக்க எரியவிட்டுக் காபி குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது தீய்ந்த நாற்றம்.

“கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன், கையும் போச்சா?” என்றான் விதோமிர்.

“இரும்புல ஒட்டுன்னு கத்தினேனே, உன் காது எங்கய்யா போச்சு? மாடு மேய்க்கவா போச்சு?”

பள்ளிக்கூட வேன் ஓட்டும் ரதென்கோ எட்டிப் பார்த்தான். “உங்க சண்டைய அப்புறம் வச்சுக்குங்க. என் வண்டி ரெடியா? பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும்.”

“காலையிலயே பாத்துட்டேன். எடுத்துட்டுப் போ” என்றான் விதோமிர்.

“இருய்யா, போகாதே.” மிச்சமிருந்த விளக்கோடு ஸகோர்கா குழிக்குள் இறங்கி, அதை மேலே நின்ற வேனின் இரும்புச் சட்டத்தில் ஒட்டினாள். அடிவயிறு முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. துருப்பிடித்த பிரேக் குழாயில் எண்ணெய் முத்துமுத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அண்ணே, கீழ இறங்கு! இதைத்தான் பாத்தியா?”

அவன் முனகிக்கொண்டே வந்தான். “எங்க?”

“என் விரல் நுனியில.”

குனிந்தான். இன்னும் குனிந்தான். மூக்கு குழாயில் இடிக்கும் அளவுக்குப் போனான். “சுத்தமாத்தான இருக்கு?”

திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. கண்ணை இடுக்கி இடுக்கி, எதிரே இருப்பதைத் தேடிக்கொண்டிருந்தான்.

“இந்த மாசம் எத்தனை வண்டிய இப்படிப் பாத்து அனுப்பினண்ணே?”

அவன் குழியின் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டான்.

ஸகோர்கா மேலே ஏறி, ரதென்கோவின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். ரசீதுக் கட்டைப் பிரித்து, இந்த மாதம் அண்ணன் பார்த்து அனுப்பிய முதல் வண்டிக்காரரின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

“வண்டிய அங்கேயே நிறுத்துங்க. நான் இன்னும் பாக்கல.”