சுவரோரத்துப் பிள்ளையின் பெயர்

மண்வாரும் சவளை அவர் என் கையில் தரவில்லை. மூன்று தரம் மண் அள்ளிக் குழிக்குள் போட்டார். மிச்சத்தை நான் மூடவேண்டும் என்பதால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு சவளை ஈரமண்ணில் குத்தி நிறுத்திவிட்டு அப்பால் போனார். 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம், வடமேற்கு லண்டனில் ஒரு பழைய யூத மயானத்தில் நடந்தது இது. குழிக்குள் கிடந்தது மனிதர் அல்ல, ஒரு புத்தகம். அங்கே எனக்கு அதுதான் கடைசி வேலைநாள். இத்தனை வருடம் கழித்தும் நீட்டிய கையோடு நான் நின்ற அந்தக் கணத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மயானத்தில் வேலைசெய்த எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. ஓய்வுபெற்றும் மற்றவரைத் திருத்துகிற பழக்கம் மட்டும் ஓயவில்லை. புல்லை இப்படி வெட்டாதே, அந்தக் கல்லில் கை வைக்காதே, ரேடியோவை நிறுத்து. வயதுக்கு மரியாதை கொடுத்து இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். மனதுக்குள் நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். ஒரு கோப்பு, ஒரு நூல்கண்டு, பாத்திரம் தேய்க்கும் பிரஷ் ஒன்று. பிரஷால் பாசியைத் தேய்த்து எழுத்தைப் பார்ப்பார், நூலைப் பிடித்து வரிசைகளை அளப்பார். அவருடைய தாய்க்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். இரண்டு வயதில் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. தாய்க்கு அப்போது நான்கு வயது. சாகக் கிடந்தபோது தங்கையின் பெயர் நினைவில்லை என்று அழுதிருக்கிறார், தேடிப் பிடித்து ஒரு கல் நாட்டு என்று மகளிடம் கேட்டிருக்கிறார். மயானப் பதிவேட்டில் சுவரோர வரிசையின் இலக்கமும் 'இன்னாரின் பிள்ளை' என்ற குறிப்பும்தான் இருந்தன. பெயரில்லை, கல்லுமில்லை; எந்தக் குழி என்று பக்கத்துக் கற்களை வைத்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். பாட்டனார் தன் பிரார்த்தனைப் புத்தகத்தின் முதல் தாளில் பிள்ளைகளின் பிறப்பும் இறப்பும் எழுதிவைத்தவராம். அந்தப் புத்தகம் கிழக்கு லண்டனில் ஒரு சின்ன ஆலயத்துக்குப் போனது, ஆலயம் மூடப்பட்டது, புத்தகத்தைக் காணவில்லை. மூடிய ஆலயங்கள், முதியோர் விடுதிகள், யார் யாருடைய பரண்கள் என்று டீச்சர் பல வருடம் அதைத் தேடித் திரிந்தவர். இந்தக் கதையை நிற்கிற ஆளுக்கெல்லாம் சொல்வார், கேட்க விருப்பமா என்று கேட்கமாட்டார்.

நான் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். ரெய்னர்ஸ் லேனில் வீடு. ஊர்க்காரர் ஒருவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், தான் வேலைசெய்த மயானத்திலேயே என்னையும் சேர்த்துவிட்டார். அந்த 2009 பெப்ரவரியில் பதினைந்து இருபது சாக்குகள் வந்து இறங்கின. மதிலோரம் ஆழமாகக் கிடங்கு வெட்டி அவற்றைப் போட்டு மூடச் சொன்னார்கள். ஒரு சாக்கு பிய்ந்தது. உள்ளே புத்தகங்கள்.

அவர்கள் வழக்கத்தை நான் பிறகுதான் அறிந்தேன். கடவுளின் பெயர் எழுதிய தாள் பழசாகிவிட்டால் எரிக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. மனிதரைப் போல மண்ணில் அடக்கம் செய்யவேண்டும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஊரில் வளர்ந்தவன் நான். எங்களூரில் நாங்கள் எரிப்பது மனிதரை. புத்தகங்களை எரிக்க வேறு ஆட்கள் வந்தார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த மறுநாள் அப்பாவோடு போய்ப் பார்த்த பிள்ளைக்குப் புத்தகத்தின்மேல் மண் போட எப்படிக் கை வரும்? எல்லாவற்றையும் காப்பாற்ற ஏலாது. தோல் அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். அண்ணை கண்டுவிட்டார்.

"உதை வை தம்பி. ஆரோ ஒராளின்ர சாமான் உனக்கு ஏன்?"

"புத்தகம் அண்ணை."

"அது எனக்கும் தெரியுது. வை எண்டுறன்."

நான் வைக்கவில்லை. வீட்டில் சரஸ்வதி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். மனைவி கத்திய கத்து பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "சுடலையில இருந்து கொண்டுவந்த சாமானைச் சாமிப்படத்துக்குக் கீழ வைக்கிறியளே? உங்களுக்கென்ன விசரோ?" பிறகு அது துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே போனது.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம். வாசலருகே இருந்த குழாயில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மயானத்தை விட்டுப் போகிறவர்கள் கைகழுவுகிற குழாய் அது. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகுகிற எனக்கு அது விளங்கியிருக்கவேண்டும், பிழை என்னுடையதுதான். டீச்சர் பின்னால் வந்து நின்றார். பார்க்க வந்த குடும்பம் ஒன்றும் நின்றது. அவர்கள் முன்னால் வைத்து, "இது உன் சமையலறையா? உங்கள் ஆட்களுக்கு இறந்தவர்களே கிடையாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த மார்ச்சில் என் தம்பி யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். ஜனவரிக்குப் பிறகு தொடர்பே இல்லை. ஒவ்வொரு நாளும் இணையத்தில் வருகிற பிணங்களின் படங்களைப் பெரிதாக்கி, முகம் பார்த்து, இவன் இல்லை இவன் இல்லை என்று தள்ளிக்கொண்டிருந்தவன் நான். என்னைப் பார்த்தா அந்தக் கேள்வி? பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த செவ்வாய்தான் விசயம் தெரிந்தது. டீச்சர் அண்ணையிடம் தன் பாட்டனாரின் குடும்பப் பெயரையும் அவர் இருந்த தெருவையும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலி வெட்டிக்கொண்டே கேட்டேன். வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். முதல் தாளில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஏழெட்டு வரி. அடியில் ஆங்கிலத்தில் அதே பெயர், அதே தெரு. துணியில் சுற்றித் திரும்பவும் அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

கொடுத்தால் வேலை போகும் என்ற பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும்தான் என்றால் தெரியாமல் ஒரு தபாலில் போட்டிருக்கலாம். அந்த மனுஷி தேடிக்கொண்டே இருக்கவேண்டும் என்றிருந்தது எனக்கு. குளிரில் முழங்காலில் நின்று தேய்க்கவேண்டும். நான் புல்வெட்டும் யந்திரத்தோடு பக்கத்தில் போகவேண்டும். ஏப்ரல் முழுவதும் அப்படித்தான் போனது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

பிறகு மே வந்தது. போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நின்று தொண்டை கிழியக் கத்தினோம். எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்தா. "எல்லா முகாம் லிஸ்ட்டும் பாத்தாச்சு மோனே. இருக்கிற ஆக்களின்ர லிஸ்ட்டிலயும் அவன்ர பேர் இல்லை, செத்த ஆக்களின்ர லிஸ்ட்டிலயும் இல்லை. ஒரு பேரைக் கூடவோ எழுத மாட்டினம்?" அம்மா அழவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சில நாள் லீவுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய செவ்வாய் டீச்சர் கல்வெட்டுகிறவரோடு சுவரோரம் நின்றார். இனித் தேட உடம்பில் பலமில்லையாம், பெயரில்லாமலே கல் நாட்டப் போகிறாராம். மறுநாள் காலை புத்தகத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விலாசத்தை அண்ணை அறிந்து தந்தார். இரக்கத்தில் போனேன் என்று சொன்னால் பொய். எனக்கும் இறந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அந்த முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். ரயிலில் அதை ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டே போனேன்.

அவர் வாசலிலேயே நின்று தாளைத் திறந்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வலமிருந்து இடமாக வாசித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது. உதடு ஒரு பெயரைச் சொன்னது. பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். என் வசனத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திவிட்டார்.

"எத்தனை நாளாக இது உன்னிடம் இருக்கிறது?"

"பெப்ரவரியிலிருந்து."

"நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாயா?"

ஓம் என்றேன். "திருடன்," என்றார். புத்தகத்தைத் திருடியதற்காகச் சொல்லவில்லை என்று அவர் கண்ணில் தெரிந்தது. கதவு சாத்தப்பட்டது. அன்று பின்னேரமே எனக்கு வேலையை விட்டு நிற்கச் சொல்லி ஒரு வார அறிவித்தல் கிடைத்தது. முதல் தாளைப் படமெடுத்துக்கொண்டு, புத்தகத்தை முறைப்படி திரும்ப அடக்கம் செய்யவேண்டும் என்றும், எடுத்தவனே குழி வெட்டவேண்டும் என்றும் டீச்சர் அலுவலகத்தில் கேட்டாராம்.

அப்படித்தான் அந்தக் கடைசி நாள் வந்தது. நான் குழி வெட்டினேன், அவர் மூன்று தரம் மண் போட்டார், சவளைக் குத்தினார். எங்களூரில் தீட்டுப் பார்க்கிறவர்கள்தான் கைக்குக் கை கொடுக்காமல் சாமானை நிலத்தில் வைப்பார்கள். அந்த நடப்புக்காகவே அப்பா ஒருவரோடு ஆயுசு முழுவதும் கதைக்காமல் இருந்தவர். மூடி முடித்து நிமிர்ந்தபோது டீச்சர் கோப்பைத் திறந்து பென்சிலோடு நின்றார்.

"உன் தம்பியைப் பற்றி உன் சிநேகிதர் சொன்னார். அவன் பெயர் என்ன? வருடத்தில் நான்கு நாள் ஆலயத்தில் எங்கள் இறந்தவர்களை நினைத்துப் பிரார்த்திப்போம். அந்தச் சுவரோரத்துப் பிள்ளையின் பெயரோடு அவன் பெயரையும் சொல்கிறேன்."

"அவன் செத்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். கேட்பதற்கு நியாயமான பதில்தான். ஆனால் நான் சொல்லாமல் விட்டதற்கு அது காரணமல்ல. சவளை என் கையில் தராதவளுக்கு என் தம்பியின் பெயரை ஏன் தரவேண்டும்? அதுதான் காரணம். அவர் கொஞ்சநேரம் பென்சிலோடு காத்து நின்றார். நான் சவளைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

நாலைந்து வருடம் கழித்து ஒரு கலியாணவீட்டில் அண்ணையைக் கண்டு அந்தக் கதையை எடுத்தேன். டீச்சர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அண்ணை சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விசரா, அவையள் சவளைக் கையில குடுக்கமாட்டினம். சொந்தத் தேப்பன்ர குழியெண்டாலும் மகன் நிலத்தில குத்திப்போட்டுத்தான் விலகுவான். துக்கம் ஆளுக்காள் மாறக்கூடாதாம். உனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு அந்த மனுஷி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

போன வருடம் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். சுவரோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் பெயர் இரண்டு மொழியில் வெட்டியிருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை, மூன்று மாதம் அதை மறைத்து வைத்திருந்தவன் எழுதக்கூடாது. டீச்சர் போன பிறகும் ஆலயத்தில் யாரோ அதைச் சொல்கிறார்களாம். அம்மா இப்போது இல்லை. என் பிள்ளைகளுக்குச் சித்தப்பா என்று ஒருவர் இருந்தது மட்டும் தெரியும். தம்பியின் பெயரை எழுதிக்கொள்ள இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பென்சிலோடு வந்து நின்றார், அவரிடம் நான் சொல்லவில்லை.