தண்ணீர் கட்டினேன் என்று சொன்னேன்

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சில்லறை தராத கண்டக்டரைக்கூட விட்டதில்லை. அந்த வாய் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை.

என் வீட்டுக்காரரின் தங்கை கணவனை இழந்தவள். அப்பா கொடுத்த பன்னிரண்டு தென்னை மரங்கள்தான் அவள் பிழைப்பு. காரிமங்கலம் சந்தையில் காய் விற்றுத்தான் குடும்பம் நடத்தினாள். இரண்டு வருடத்துக்கு முன் கோடையில், மகளின் பிரசவத்துக்காக பெங்களூருக்குக் கிளம்பினாள்.

"அண்ணி, வாரத்துக்கு ரெண்டு நாளு தண்ணி கட்டிடுங்க. உங்கள நம்பித்தான் போறேன்."

"போடி, இத நீ சொல்லணுமா?" என்றேன்.

அந்த வருடம் மழையும் இல்லை, வெயிலும் சாதாரண வெயில் இல்லை. வரப்பில் வெறுங்காலோடு நிற்க முடியாது. எங்கள் இருவருக்கும் பொதுவான போர்வெல்லில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. என் தக்காளி காய் பிடித்திருந்த நேரம். செடிகள் உச்சிவேளையில் துவண்டு கிடந்தன, தென்னைகளோ பச்சையாக நின்றன. சாகக் கிடப்பதற்குத்தானே முதலில் தண்ணீர் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, வால்வைத் தக்காளிப் பக்கம் திருப்பினேன். மூன்று மாதத்தில் தென்னைக்கு நாலு தடவை பாய்ச்சியிருந்தால் அதிகம். அவள் போனில் கேட்டபோதெல்லாம் "கட்டிட்டேன், கட்டிட்டேன்" என்றேன். என் தக்காளி டெம்போ ஏறிப் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போனது.

அவள் திரும்பி வந்தபோது மரங்களில் கீழ்மட்டைகள் கொஞ்சம் தொங்கியிருந்தன, அவ்வளவுதான். பிறகு மழையும் பெய்தது. அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தேன். தென்னை பட்ட பாட்டை உடனே காட்டாது என்பதை மறந்துவிட்டேன். அடுத்த வருடம் குரும்பை குரும்பையாகக் கொட்டியது. பாளைகள் சூம்பி வந்தன. தப்பிப் பிழைத்த காய்களை உடைத்தால் உள்ளே பருப்பில்லை.

அவள் உரக்கடைக்காரரை அழைத்துவந்து காட்டினாள். அவர் மரங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"வறட்சி மட்டும்னா தென்ன தாங்கிக்கும். வெயில் மட்டும்னாலும் தண்ணி இருந்தா தாங்கும். ரெண்டும் சேர்ந்து அடிச்சாத்தான் இப்பிடி ஆகும். போன கோடையில தண்ணி கட்டுனீங்களா?"

"எங்க அண்ணி நாள் தவறாம கட்டுனாங்க" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாவி, என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

"தண்ணி கட்டியும் இப்பிடின்னா வேர்ல நோவு இருக்கும். ரொம்ப மோசமா இருக்கறத எடுத்துடுங்க, இல்லைன்னா மத்ததுக்கும் பரவும்."

ஐந்து மரங்களுக்கு அவளே சுண்ணாம்பில் குறி போட்டாள். இரண்டு நாள் கழித்து அறுக்கிற ஆள் மிஷினோடு வந்தார். இரண்டு மரங்கள் விழும்வரை நான் வரப்பிலேயே நின்றேன். எங்கள் பக்கம் தென்னை சாய்த்தால் உச்சியைப் பிளந்து குருத்தை எல்லோருக்கும் பங்கு வைப்பார்கள். அவள் முதல் துண்டை என்னிடம்தான் நீட்டினாள்.

"கோடையெல்லாம் தண்ணி ஊத்துனவங்க நீங்க. மொதல்ல சாப்பிடுங்க அண்ணி."

கடித்தேன். பால் போல வெள்ளை, அப்படி ஒரு தித்திப்பு. நோய் கண்ட மரத்தின் குருத்தா இது? உயிரோடு இருந்த மரத்தையல்லவா சாய்த்திருக்கிறோம். அறுக்கிறவர் மூன்றாவது மரத்தில் மிஷினை வைக்கப் போனார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். "நோவெல்லாம் ஒண்ணுமில்ல. நாந்தான் தண்ணி கட்டல. தக்காளிக்கு விட்டுட்டேன்."

அவள் ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அறுக்கிறவரைப் போகச் சொன்னாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "குறி போடறப்பவே சொல்லியிருக்கலாமில்ல அண்ணி?"

சொல்லியிருக்கலாம். நல்ல அண்ணி என்ற பேர் போய்விடுமே என்றுதான் சொல்லவில்லை.

மிச்சமிருந்த பத்து மரங்களும் மெல்லத் தேறி வருகின்றன. இந்தக் கோடையில் பேரனைப் பார்க்க மறுபடியும் பெங்களூருக்குக் கிளம்பினாள். எங்கள் வாசலில் நின்று, "போய்ட்டு வரேன் அண்ணி" என்று எப்போதும்போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். தண்ணீர் கட்டும்படி பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.