வேனில் ஏறிப் போனவள்

எனக்குப் பத்து வயது நிறைந்த வருஷம், என் பிறந்தநாளுக்கு ஓர் இல்லத்தில் இருக்கிற எல்லோருக்கும் மதியச் சாப்பாடு போடப்போவதாக மாமா அறிவித்தார். தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் கிடக்கிற ஆதரவற்றவர்களை வேனில் கூட்டிவந்து வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை என் பிறந்தநாட்களுக்கு மாமா கொண்டுவந்ததெல்லாம் குற்றாலத்தில் அவருடைய கடையில் விலைபோகாமல் தங்கிய சரக்குதான். நமுத்துப்போன நேந்திரங்காய் சிப்ஸ், சாயம் போன பிளாஸ்டிக் கிளி, ஒரு வருஷம் மூட்டுவலித் தைலம்.

"உடம்புக்கு நல்லாத்தான இருக்கு உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"புள்ள பேருல ஒரு புண்ணியம்ட்டி. அதுல என்ன தப்பு?"

மாமாவுக்குப் புண்ணியத்தின் மீது நம்பிக்கை கிடையாது. பொதுவாக எதன் மீதும் கிடையாது. பெட்ரோல் பங்க்கில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாரல் குறையும் என்று டிவியில் சொன்னால், குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தைக் கேரளாவுக்குத் திருப்பிவிட யாரோ செய்கிற வேலை என்பார். அப்படிப்பட்டவர் சாம்பார், பாயசத்தோடு அன்னதானம் செய்யக் கிளம்பியதற்கு வேறு காரணம் இருந்தது.

மெயின் அருவிக்குப் போகிற பஜாரில் அவர் கடை வாசலில் ஒரு பெண் பல வருஷங்களாக இருந்தாள். அம்மாவை விட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருக்கலாம். கடைக்குப் போகும்போதெல்லாம் நானும் அவளைப் பார்த்திருக்கிறேன். குளித்துவிட்டுப் போகிறவர்கள் மறந்துவிட்டுப் போகும் துண்டுகளை எடுத்து அலசி, கம்பிவேலியில் காயப்போட்டு, மடித்து வைத்திருப்பாள். யாராவது தேடி வந்தால் ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுப்பாள். மாமா காலையில் கடை திறந்ததும் அவளுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பார். "நம்ம கடை வாசல்ல கெடக்கா, நம்மதான பாக்கணும்" என்பார். அவள் அங்கே கிடப்பதால் ராத்திரிக் காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை என்பதையும் அதே பெருமையோடு சொல்வார்.

ஒருநாள் காலையில் அவளைக் காணோம். மடித்த துண்டுகள் மட்டும் இருந்தன. பக்கத்து ஜூஸ் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னாராம். "அந்த வெள்ளை வேன் வந்துச்சுல்லா அண்ணாச்சி, ரெண்டு பொம்பளையாளுவ எறங்கி அவ பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாளுவ. பொறவு அவளே ஏறிப் போயிட்டா."

அவளே ஏறிப் போய்விட்டாள் என்பதைத்தான் மாமாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து புதுப்புதுக் காரணங்களைச் சொன்னார். முதலில் கிட்னி திருட்டு. பிறகு முடி. "கொண்டுபோனதும் மொத வேலையா முடிய வெட்டிருதானுவளாம். அதெல்லாம் எங்க போவுதுன்னு நெனைக்க? வெளிநாட்டுக்கு." போலீசில் போய்க் கேட்டார். இல்லத்தார் அன்றைக்கே தகவல் சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது. அப்படியென்றால் போலீசும் கூட்டு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வியாபாரிகள் மிஞ்சிய காய்கறியை அந்த இல்லத்துக்கு அனுப்புகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "சும்மா எவன் குடுப்பான்?" என்று மாமா என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கடைசியில் அவரே நேரில் போனார். கேட்டில் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும், பெயர் என்ன, அவர்கள் சம்மதித்தால் கூட்டிப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்குப் பெயர் தெரியவில்லை. இத்தனை வருஷம் டீ வாங்கிக் கொடுத்தவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. "பேரு கேக்குத மாதிரி கேட்டு வெளியவே நிறுத்திட்டானுவ" என்று கொதித்துக்கொண்டு திரும்பி வந்தார். சாப்பாடு கொடுக்கிறவர்கள் மட்டும் உள்ளே போய்ப் பரிமாறலாம் என்பதை அங்கேயே விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார். என் பிறந்தநாள் சரியான சமயத்தில் வந்து சேர்ந்தது.

ஆட்டோவில் சாம்பார் வாளிக்கும் பாயச வாளிக்கும் நடுவே உட்கார்ந்து போனேன். புதுப் பாவாடையில் சாம்பார் தெறிக்காமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மாமா வழியெல்லாம் ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். "பாத்ரூம் போணும்னு சொல்லு. பொம்பளையாளுவ இருக்க பக்கம் உன்னய விடுவாவ. அங்கன என்ன நடக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு. பயப்படாத, நான் இருக்கேன்." அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

இல்லம் பார்க்கப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. டெட்டால் வாசனை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஓர் அக்கா வந்து எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள். "போட்டோ மட்டும் எடுக்காதீங்க அண்ணாச்சி, இங்க உள்ளவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றாள். மாமா என்னை அர்த்தத்தோடு பார்த்தார்.

வரிசையாக உட்கார்ந்தவர்களுக்கு நான் அப்பளம் வைத்துக்கொண்டே போனேன். அவர்கள் குனியும்போதெல்லாம் இடுப்பில் தையல் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு தாத்தா கவனித்துவிட்டார்.

"என்னத்த பாக்க?"

"தையல் இருக்கா தாத்தா?"

அவர் சந்தோஷமாக வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். லாரி மோதியதாம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் அழுகின காலோடு கிடந்தவரை இவர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கூடவே இருந்து பார்த்தார்களாம். "சிவகிரியில என் மகளயும் கண்டுபிடிச்சிட்டாவ. வந்து பாத்துட்டுப் போயிருக்கா. வைத்தியம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்னுட்டா" என்றார். நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "சொல்லிக்குடுத்துப் பேச வைக்கானுவ" என்றார் மாமா.

சாப்பிடுகிறவர்களில் அவளைக் காணவில்லை. மாமாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. குற்றாலத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் எங்கே என்று நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"செல்வியா? உறங்குதா அண்ணாச்சி. வந்ததுலருந்து உறக்கம்தான். எழுப்பிச் சாப்பாடு குடுத்தா சாப்பிட்டுட்டுத் திரும்பவும் படுத்துக்கிடுதா. டாக்டரும் உறங்கட்டும்னுட்டாரு."

"மருந்து குடுத்து உறங்க வைக்கீகளோ?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அந்த அக்கா பொறுமையாகத்தான் சொன்னாள். மாமா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் பாத்ரூம் போக வேண்டும் என்றேன்.

பெண்கள் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒன்றின் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். முடியை வெட்டியிருந்தார்கள். மாமா சொன்னதில் ஒன்றாவது உண்மையாகிவிட்டதே என்று நினைத்தேன். பூப்போட்ட நைட்டி போட்டிருந்தாள். முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது. என்னை அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தாள். நான் "மாமா!" என்று கத்திவிட்டேன்.

மாமா ஓடி வந்தார், பின்னாலேயே அந்த அக்காவும். ஆண்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி அவரை வராந்தா முனையிலேயே நிறுத்தினாள். பிறகு உள்ளே பார்த்து, "செல்வி, இவர்கிட்ட பேசுதியா? வேண்டாம்னா வேண்டாம்" என்றாள். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள்.

"வாட்டி போலாம். ஆட்டோ வெளிய நிக்கு" என்றார் மாமா.

"நான் வரல அண்ணாச்சி."

"யாரு மெரட்டுதா? பயப்படாம சொல்லு."

"ஒருத்தரும் மெரட்டல."

"பொறவென்ன? அங்கன உனக்கு என்ன கொறச்சல்? நேரத்துக்கு டீ வாங்கித் தரலயா? உன்னய ஒருத்தன் ஒரு சொல்லு சொல்ல விட்டுருக்கனா நான்?"

அவள் மாமாவை நேராகப் பார்த்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"பகல்ல நீங்க இருப்பீக அண்ணாச்சி. ராத்திரி கடையப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவீகளே."

அவள் என்னைப் பார்த்து மறுபடியும் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. உடனே திறக்கும் சத்தம். பிறகு மறுபடியும் போடும் சத்தம்.

"அப்படித்தான் அண்ணாச்சி" என்றாள் அந்த அக்கா தணிந்த குரலில். "படுக்கதுக்கு முன்னால நாலஞ்சு தடவ போட்டுப் போட்டுப் பாத்துக்கிடுவா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல, இவ்வளவு பெரிய பெண் தாழ்ப்பாளை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மாமாவும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது காலி வாளிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. கிட்னியைப் பற்றியோ முடியைப் பற்றியோ மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, அம்மா கூப்பிடக் கூப்பிட உள்ளே வராமல் அதே ஆட்டோவில் போய்விட்டார்.

"என்னட்டி ஆச்சு? அங்கன எதும் சரியில்லையா?" என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முடி வெட்டியது, நைட்டி, அவள் வரமாட்டேன் என்றது, மாமாவைப் பார்த்து அவள் சொன்னது. கடைசியாக அவள் தாழ்ப்பாள் போட்டுப் போட்டுத் திறந்ததை எங்கள் வீட்டுக் கதவிலேயே செய்து காட்டிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"தாழ்ப்பாள் போடுததுல என்னம்மா நல்லது?" என்று கேட்டேன்.

"பாவாடைய மாத்து. சாம்பார் பட்டிருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் சாம்பார் படவில்லை.