கோட்டையை விட்டு முப்பது நாள்

அன்று ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள்: முதல் வண்டியில் நான். இரண்டாவதில் மாமா; எங்களில் வயதானவர், எல்லோருக்கும் மாமா. மூன்றாவதில் நெட்டையன், பட்டினப்பாக்கத்துக்காரன், அம்மா மீன் விற்கிறாள். நான்காவதில் அக்கா. அக்கா விளையாடுவதில்லை. மற்ற மூன்று பேரும் விளையாடுவோம்.

அடையாறு டிப்போ பக்கம் மதியம் இரண்டு மணிக்குச் சவாரி வராது. அந்த நேரத்தில் பிடித்த பழக்கம்தான் கோட்டை விளையாட்டு. போனில் காசில்லாமல் இறங்கும். கோட்டை கட்ட வேண்டும், படை வளர்க்க வேண்டும், அடுத்தவன் கோட்டையை அடிக்க வேண்டும். முப்பது பேர் கூட்டு சேரலாம். நாங்கள் அதைச் சங்கம் என்போம். தலைவர் நான். எங்கள் மூவரைத் தவிர மற்றவர்கள் எந்த ஊர் என்று தெரியாது.

காசில்லாமல் இறங்கும் என்றேன். காசு அதற்குப் பிறகு. ஒரு சுவர் எழும்ப நான்கு நாள் ஆகும். வைரம் வாங்கினால் உடனே எழும்பும். முதலில் எப்போதாவது வாங்கினேன். பிறகு மாதாமாதம்.

எனக்கு வைரம் பெரிதில்லை. கோட்டை வாசலில் ஒரு எண் இருக்கும். விடாமல் எத்தனை நாள் வந்தோம் என்ற கணக்கு. என்னுடையது 2,107. மகள் கல்யாணத்தன்று மண்டபத்து மாடிப்படியில் நின்று திறந்தேன். தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் மொட்டை மாடியில் சிக்னல் தேடினேன். சங்கத்தில் வேறு யாருடைய எண்ணும் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

மாமாவின் போன் மழையில் நனைந்து செத்தது. ஒரு மாதம் கழித்து வேறு போனில் கோட்டையைத் திறந்தார். திரும்பி வந்ததற்குப் பரிசு என்று ஒரு டிராகன் கொடுத்தார்கள். அன்று எனக்கு வந்த பரிசு பத்து மரக்கட்டை.

"இன்னா மாமா, ஓடிப்போய் வந்தவனுக்கு மாலை மரியாதையா?" என்றான் நெட்டையன்.

"எனக்கு இன்னா தெரியும். தொறந்தேன், ரெக்க வெச்ச பாம்பு மாரி ஒண்ணு வந்து நிக்கிது," என்றார் மாமா.

அவர் போனையும் என் போனையும் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே வைரப் பெட்டி. அவருக்கு 89 ரூபாய். எனக்கு 449.

"உனக்கு ஏன் நைனா கம்மி பண்ணணும்? நீதான் எப்டியும் வாங்கிடுவியே," என்றான் நெட்டையன். "அவரதான் திரும்ப இஸ்துகினு வரணும்."

அக்கா தன் வண்டியிலிருந்து பேசினாள்: "அபிராமபுரத்து அம்மாவ எத்தினி வருசமா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போற. ரேட்டு ஏறியும் அதே எம்பது ரூபாதான் வாங்குற. கேட்டா பழைய சவாரின்ற. அவன் பழைய ஆளுன்னுதான் உன்கிட்ட ஜாஸ்தி வாங்குறான். இதுல நீ தலைவரு வேற."

நெட்டையனை எழுதச் சொல்லி விளையாட்டுக் கம்பெனிக்கு இங்கிலீஷில் புகார் போட்டேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. நீண்ட நாள் ஆதரவுக்கு நன்றி. ஐந்து நட்சத்திரம் கொடுக்கவும்.

மாமாதான் வழி சொன்னார். "நீயும் ஒரு மாசம் ஓடிப் போயேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் போனால் கோட்டை போய்விடும். அதனால் ஸ்டாண்டு முறையில் போவது என்று முடிவானது. ஒருவர் முப்பது நாள் வெளியே இருப்பார், இரண்டு பேர் காவல். முதல் வண்டி நான், அதனால் முதல் லீவு எனக்கு.

"அந்த எண்ணு?" என்று கேட்டேன்.

"அது எங்க போவும்? நின்னுகினு இருக்கும். நீ வந்தா மறுபடி ஓடும்," என்றார் மாமா.

அவருடைய எண் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பார்ப்பவரில்லை. எங்கள் ஸ்டாண்டில் ஒருவன் டீ குடிக்கப் போனால் இடம் போகாது. பின்னால் இருப்பவர்களே அவன் வண்டியைத் தள்ளி முன்னால் விடுவார்கள். அதே கணக்கில் நான் போனைப் பையில் போட்டேன்.

முதல் வாரம் கை சும்மா இருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன், சீட்டுத் துணியைத் தைத்தேன். இருபதாம் நாள் நெட்டையன் என் பக்கம் வராமல் டீக்கடையிலேயே நின்றான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணியும் இல்ல நைனா. முப்பது ஆவட்டும்."

முப்பது ஆனது. மறுநாள் மதியம் திறந்தேன். டிராகன் வந்தது. பெட்டி 89 ரூபாய் என்று காட்டியது. சங்கம் இருந்த இடம் காலி.

நெட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பதினஞ்சாம் நாளே தலைவர் பதவிய அதுவா மாத்திட்ச்சி. யாரு ஜாஸ்தி காசு போட்டானோ அவனுக்கு. அவன் நீ லீவு போன வாரம் சேந்தவன். வராதவங்கள எல்லாம் தூக்கிட்டான். தலைவரு லீவுல கீறாருன்னு எழுதிப் போட்டேன். அவனுக்குத் தமிழ் தெர்ல."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ தொறப்ப. டிராகனும் பூடும்."

"எனக்கு எடம்?"

"ரொம்பிட்ச்சி. முப்பது பேரு."

மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார். அடுத்த லீவு அவருடையது. "நான் போவல," என்றார்.

அபிராமபுரத்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். வண்டியை எடுக்கும் முன் கோட்டை வாசலைப் பார்த்தேன்.

விடாமல் வந்த நாள்: 1.