தோற்பதற்கும் மாணவியாக இருக்க வேண்டும்

பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் ரொட்டி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது குணம் சாரின் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. இந்த நாட்டிலேயே பிறந்த பெண், என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று மட்டும் தமிழில், "ஆன்ட்டி, அப்பா போயிட்டார்" என்றாள். காலையில் தேநீரைக் குடித்துவிட்டு, உட்கார்ந்த நாற்காலியிலேயே கண்ணை மூடியிருக்கிறார். வலி இல்லை, ஆஸ்பத்திரி அலைச்சல் இல்லை. கொடுத்துவைத்த மனிதர். நான் ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவர் குணரத்தினம். அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மண்டபத்தின் கடைசி மேசைவரை கேட்கும் அந்தக் குரல் ஒன்று போதும். நான் அங்கே புள்ளியியல் நடத்துகிறவள், மதுரைக்காரி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்குள் ஒத்துப்போனதைவிட முட்டிக்கொண்டதே அதிகம். அதில் பெரிய முட்டல் சினாவைப் பற்றியது.

சினா, ரானுயி என்ற புறநகரிலிருந்து வந்த சமோவாப் பெண். சுகாதாரப் படிப்பு, அதில் கட்டாயப் பாடம் என்னுடைய புள்ளியியல். கூடைப்பந்து போன்ற நெட்பால் ஆட்டத்தில் கோல் போடுகிறவள். ஒரு தொழில்முறை அணி அவளைச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த வருடம் இறுதிப் பரீட்சையும் ஆட்டமும் ஒரே சனிக்கிழமை, ஒரே பிற்பகல் இரண்டு மணி. பரீட்சையை முன்கூட்டி எழுத அனுமதி கேட்டு அவள் விண்ணப்பித்தாள். முடிவெடுக்கும் குழுவில் குணம் சாரும் நானும் இருந்தோம். அனுமதி இல்லையென்றால் அவள் ஒன்று ஒப்பந்தத்தை விட வேண்டும், அல்லது படிப்பை விட வேண்டும்.

நான் முடியாது என்றேன். "என்ன சார் நீங்க, சம்பளம் வாங்கி விளையாடுறவங்க எப்படி ஸ்டூடண்ட் ஆவாங்க? அது வேலை. வேலை இருக்குன்னு யாருக்காவது பரீட்சையை மாத்திக் குடுத்திருக்கோமா? ஒப்பந்தம் முடிஞ்சப்புறம் வந்து நிம்மதியா படிக்கட்டும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வாதத்துக்கு இறங்குகிறார் என்று அர்த்தம். "மாலதி, நான் அகதியா வந்து விரிப் பக்கம் ஒரு கோடவுனில பெட்டி தூக்கித் தூக்கித்தான் படிச்சனான். அப்ப நீ மாணவனோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கெட்டிக்காரன் எண்டு முதுகில தட்டினவை. இந்தப் பிள்ளை பந்து எறிஞ்சு உழைச்சால் மட்டும் ஏன் உங்களுக்கு வயித்தெரிச்சல்? நீங்களும் சம்பளம் எடுத்துக்கொண்டு வகுப்பு நடத்தித்தானே உங்கட பிஎச்டியை முடிச்சனீங்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "உங்க கோடவுன் முதலாளி பரீட்சையை மாத்தச் சொல்லிக் கேட்டாரா சார்?"

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஓம், அது ஞாயம்" என்றார். எதிராளி சொன்னதில் நியாயம் இருந்தால் அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்வார். அது என்னிடம் கிடையாது. "அப்ப நேரத்தை மட்டும் மாத்துவம். வேற ஒரு மயிரிழையும் மாத்தக் கூடாது. அதே தாள், அதே மூண்டு மணித்தியாலம்." அதே தாள் என்றால் கேள்விகள் வெளியே போய்விடுமே என்றேன். "போகாது. மற்றவை பரீட்சை தொடங்கி அரை மணித்தியாலம் ஆகும்வரைக்கும் நான் அந்தப் பிள்ளையோடயே நிப்பன். அதுக்குப் பிறகு மண்டபத்துக்குள்ள ஒருத்தரையும் விடமாட்டம். நம்பிக்கை இல்லாட்டி நீங்களும் வாங்கோ."

போனேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை, வீம்பு.

காலை ஒன்பது மணிக்கு ஒரு சின்ன அறையில் சினா பரீட்சை எழுதினாள். முடிந்ததும் குணம் சார் அவளுடைய போனை வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மூவரும் என் காரில் விளையாட்டரங்குக்குப் போனோம். முன்னால் நானும் அவரும், பின்னால் தன் சான்ட்விச்சைச் சாப்பிட்டபடி அவள். அரங்கில் அணியினருக்கான பெஞ்சின் ஓரத்தில், கழுத்துப்பட்டியும் கம்பளி மேல்சட்டையுமாக அவர் போய் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின் வரிசையில். உடல் சூடேற்ற ஓடிக்கொண்டிருந்த பெண்களிடம் போய், "தயவுசெய்து சினாவுடன் பேசாதீர்கள், அவள் இன்னும் பரீட்சையில் இருக்கிறாள்" என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்லிவிட்டு வந்தார். பயிற்சியாளர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான், குணம் சார் யாரோ நான் யாரோ என்று கூரையைப் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கியது. குணம் சார் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார். சரியாக இரண்டரை மணி. சினா வளையத்துக்குக் கீழே பந்தைத் தலைக்குமேல் தூக்கிக் குறி பார்த்து நிற்கிறாள், அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. இவர் எழுந்தார். அத்தனை வருடம் பரீட்சை மண்டபத்தில் பழகிய அதே குரலில் அறிவித்தார்: "சினா, இனி நீங்கள் பேசலாம்!"

பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. ஐயோ, அரங்கம் சிரித்த சிரிப்பு! சினாவும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். இவர் பாவம், முகம் கறுத்துப் போய் உட்கார்ந்தார். "விசர் வேலை பாத்துப்போட்டன், மாலதி" என்று முணுமுணுத்தார். அந்தக் கோல் போனதற்கு நானும் பொறுப்பு. அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனது என் பிடிவாதம்தான்.

விடைத்தாளை நான்தான் திருத்தினேன். சினா தேறவில்லை. இருமுறை பார்த்தேன், எங்கே தேடியும் கூடுதலாக மதிப்பெண் போட இடமில்லை. துறையில் சிலர், "இதற்குத்தான் சொன்னோம், இவர்களெல்லாம் மாணவர்களே இல்லை" என்றார்கள். அவளை விளையாட்டு ஒப்பந்தம் முடியும்வரை படிப்பிலிருந்து விலக்கிவைக்கும்படி பரிந்துரைக் கடிதம் ஒன்று தயாரானது. எழுதியவள் நான். அதை எடுத்துக்கொண்டு குணம் சாரின் அறைக்குப் போய், "பார்த்தீங்களா சார்?" என்றேன்.

முழுவதும் படித்தார். "போன வருசம் உங்கட பாடத்தில எத்தினை பேர் தவறினவை?" என்று கேட்டார். பலர் என்றேன். "அவையளை மாணவர் இல்லையெண்டு எழுதினீங்களோ?" நான் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "தோக்கிறதுக்கும் மாணவியா இருக்க வேணும் மாலதி. சம்பளம் வாங்கிற பிள்ளை எண்டு மார்க் கூட்டியும் போடாதேங்கோ, வாசலையும் பூட்டாதேங்கோ. மற்றப் பிள்ளையளைப் போல அவளும் திருப்பி எடுக்கட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற கோபம். கடிதத்தை அனுப்பவில்லை. அடுத்த முறை சினா பாடத்தைத் திரும்ப எடுத்தாள், ஆட்டம் இல்லாத நாளில் எல்லாருடனும் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதினாள், தேறினாள். பிரமாதமான மதிப்பெண் ஒன்றுமில்லை. ஆனால் அவளுடையது.

இறுதிச் சடங்குக்கு அவள் வந்திருந்தாள். இப்போது ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். தேவாரம் பாடி முடித்ததும், நான்கு வார்த்தை பேசலாமா என்று கேட்டு எழுந்தாள். "அணியில் என்னை ஆட்டக்காரி என்றார்கள், வகுப்பில் விருந்தாளி மாதிரிப் பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் மற்ற எல்லாரையும் போல என்னை ஃபெயில் ஆக விட்டார்" என்றாள். கூடத்தில் இருந்த பாதிப் பேருக்கு அது புரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன வாரம் எங்கள் குழுவுக்கு இன்னொரு விண்ணப்பம் வந்தது. ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரன், ஒப்பந்தம் உண்டு, பரீட்சையும் ஆட்டமும் ஒரே நாள். குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைய விரிவுரையாளர் ஒருவர், "சம்பளம் வாங்குகிறவனை எப்படி மாணவன் என்பது?" என்று கேட்டார். கேள்வி அப்படியே என்னுடையது, தொனிகூட. வகுப்புப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அப்படியானால் நேரத்தை மட்டும் மாற்றுவோம், தாளை மாற்ற வேண்டாம் என்றேன். யார் அவனோடு கூடவே இருப்பது என்று கேட்டபோது எல்லாரும் தங்கள் நாட்குறிப்பைப் புரட்டத் தொடங்கினார்கள்.

குணம் சாரிடம் வாதத்தில் தோற்றேன் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கோடவுன் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் வருகிற சனிக்கிழமை அந்தப் பையனுடைய போனை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு, அவனோடு பெஞ்சில் உட்காரப் போகிறவள் நான்தான்.